நாலு நிலாவும் ஒரு தீக்குச்சியும்

பெரியப்பா அட்டையைக் கிழித்துவிட்டார். வேண்டுமென்று இல்லை. 2024 ஏப்ரலில் அவருக்கு 80 முடிந்த அன்று நான் செய்துகொண்டு போன வாழ்த்து அட்டை அது. முகப்பில் ஒரு தையல் மேசை வரைந்து, பக்கவாட்டில் இஞ்ச் டேப்பின் நுனி மட்டும் எட்டிப் பார்க்கிற மாதிரி வைத்திருந்தேன். நுனியைப் பிடித்து இழுத்தால் டேப் வெளியே வரும். அதில் இஞ்சுக்குப் பதிலாக வயது. இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு வயது என்று கோடு போட்டு, 80-இல் ஒரு சின்னக் கத்தரிக்கோல் படத்தோடு முடியும். கடலூர் திருப்பாப்புலியூரில் ஐம்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவருக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன செய்துவிட முடியும் என்று எனக்கு ஒரே பெருமை.

அவர் இழுத்தார். பத்துப் பன்னிரண்டு வயது வரை டேப் ஒழுங்காக வந்தது. அப்புறம் பரக்கென்று ஒரு சத்தம். பட்டை நுழைந்து வரும் வெட்டின் ஓரம் கிழிந்து, மேசையில் பாதி அவர் கையோடு வந்துவிட்டது. பெரியப்பாவுக்கு இரண்டு மூன்று வருடமாகக் கை நடுக்கம். காபி டம்ளரையே இரண்டு கையாலும்தான் பிடிப்பார். அது எனக்குத் தெரியாதா என்ன? "வெட்டுத்துணியவிட மோசமா கிழியுதேம்மா" என்று சிரித்தார். ஆனால் முகம் சுருங்கிவிட்டது. பெரியம்மா செல்லோ டேப் தேடிக்கொண்டு உள்ளே போனார். நான் "பரவால்ல பெரியப்பா, நான் ஒழுங்கா செய்யல" என்றேன். அவரைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று உறைத்தது.

ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அந்தக் கிழிசலைப் பார்த்தேன். இழுக்கிற அட்டை என்றால் பட்டையை நேர்கோட்டில் இழுக்க வேண்டும். நடுங்குகிற கை குறுக்கேயும் ஆடும். பிளேடால் போட்ட வெட்டின் இரண்டு முனையும் கூர்மையாக இருக்கும். குறுக்கே ஓர் அசைப்பு விழுந்தால் கிழிசல் அங்கிருந்துதான் கிளம்பும். முனைகளில் ஊசியால் சின்ன ஓட்டை போட்டு உருட்டி விட்டிருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும். அதை விடுங்கள். அந்த அட்டையைச் செய்து முடித்ததும் இழுத்துச் சோதித்துப் பார்த்தது யார்? என் மகள். அவளுக்கு வயது 17. நாளெல்லாம் மொபைலில் விரல் ஓட்டுகிற கை. அவள் கைக்கு வேலை செய்ததை வைத்து, அவர் கைக்கும் வேலை செய்யும் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

நான் ஒன்றும் ஓவியம் படித்தவள் இல்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வீடு மஞ்சக்குப்பம், வேலை கெடிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருப்பாப்புலியூர். தினமும் பாலத்தைத் தாண்டிப் போய் வருகிறேன். அச்சகத்தில் கட்டிங் மிஷினுக்குக் கீழே தினமும் ஒரு சாக்கு கழிவு விழும். ஐவரி போர்டு, மெட்டாலிக் போர்டு, வெல்வெட் ஒட்டியது என்று நாலு விரல் அகலத்துக்கு நீள நீளமாகக் கிடக்கும். எடைக்குப் போடுவதற்கு முன்னால் எனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். கட்டிங் அண்ணன் நல்லதாகப் பார்த்து எடுத்தும் வைப்பார். என் வீட்டில் அட்டைக்குப் பஞ்சம் இல்லாத ரகசியம் இதுதான்.

இதெல்லாம் ஆரம்பித்தது தானே புயலில். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய அந்தப் புயலை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரியும் சாய்ந்து கிடந்தன. எங்கள் வீட்டில் போனது ஒரு டிரங்குப் பெட்டி. சின்ன வயதில் சேர்த்த பொங்கல் வாழ்த்துகள் எல்லாம் அதில்தான் இருந்தன. மார்கழி பாதியிலேயே கடை வாசல்களில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? கரும்பு, பானை, ஜோடி மாடு ஒரு வரிசை. நடிகர்கள் ஒரு வரிசை. கொஞ்சம் காசு கூடக் கொடுத்தால் ஜிகினா தூவியது. எனக்கு வந்தவை, அக்காவிடம் சண்டை போட்டுப் பிடுங்கியவை எல்லாம் சேர்த்து ஒரு நூறு இருக்கும். ஓடு பறந்து, மழை நேராகப் பெட்டிக்குள் இறங்கி, எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டன. பிரித்தால் நடிகர் முகத்தில் மாட்டுக் கொம்பு.

அந்த வருடப் பொங்கலுக்குத் தெருவில் கரண்ட் இல்லை. மகளுக்கு அப்போது நாலு வயது. போர் அடிக்கிறது என்று ஒரே அழுகை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கையில் கிடைத்த பத்திரிகை அட்டையை இரண்டாக மடித்து, மடிப்பில் இரண்டு வெட்டுப் போட்டு, உள்பக்கமாகத் தள்ளினேன். திறந்தால் ஒரு பெட்டி எழுந்து நின்றது. அதன்மேல் பானை வரைந்து ஒட்டினேன். மூடித் திறந்து, மூடித் திறந்து, அட்டை நைந்து போகும் வரை விளையாடினாள். நூறு வாழ்த்து அட்டை சேர்த்து வைத்திருந்தவளுக்கு, அட்டையை இப்படியும் தேய்க்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் நான்தான். எங்கள் வீட்டில் மூன்று ஜாதி: எழும்புற அட்டை, இழுக்கிற அட்டை, சுத்துற அட்டை. மூன்றிலும் நான் சொதப்பியிருக்கிறேன். அம்மாவிடம் முழுக் கணக்கும் இருக்கிறது.

முதல் சொதப்பல் தங்கை கல்யாணத்தில். கல்யாணம் திருவந்திபுரத்தில், தேவநாத சுவாமி சந்நிதியில். முகூர்த்த நாளில் அங்கே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? எந்த மாப்பிள்ளை எந்தப் பெண்ணுக்கு என்று மாலையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அட்டையைத் திறந்தால் கோபுரம் எழும்புகிற மாதிரி செய்தேன். அழகாகத்தான் வந்தது. மூடினால் கோபுரத்தின் உச்சி மட்டும் அட்டைக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நின்றது. மணி ராத்திரி பன்னிரண்டு. காலையில் நாலரைக்கு வேன். வேறு வழியில்லாமல் நீட்டிய பாகத்தைக் கத்தரித்தேன். கத்தரித்தது கலசம். அம்மா மண்டபத்தில் அட்டையைத் திறந்து பார்த்துவிட்டு, "கலசம் இல்லாத கோபுரத்தைக் கல்யாணத்துக்கா குடுப்பாங்க?" என்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தங்கைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரரோடு நன்றாகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் அம்மா கணக்கில் அது முதல் அபசகுனம்.

அந்தக் கலசத்துக்குக் கணக்கு ரொம்பச் சுலபம், போட்டுப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. மடிப்பிலிருந்து 5 செ.மீ. வெட்டினால், எழும்புகிற பெட்டி மூடும்போது படுத்துக்கொண்டு மடிப்பிலிருந்து 10 செ.மீ. வரை வரும். வெட்டியதைப் போல இரண்டு மடங்கு. ஏ4 தாளைக் குறுக்கே மடித்தால் ஒரு பக்கம் 14.8 செ.மீ.தான். அப்படியானால் பெட்டியின் முகத்தில் ஒட்டுகிற கோபுரம் பெட்டிக்கு மேலே 4.8 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். நான் ஆறு வைத்திருந்தேன். தினமும் ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறவள் செய்கிற வேலையா இது?

மடிப்பு ஏன் சில சமயம் வெடித்து வெள்ளை வெள்ளையாகப் பிசிறு தெரிகிறது என்பதைச் சொல்லிக் கொடுத்தவர் கட்டிங் அண்ணன். மிஷினில் செய்த காகிதத்தில் நார் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். அந்த ஓட்டத்தோடு மடித்தால் பணிவாக மடியும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் கையே சொல்லிவிடும். எந்தப் பக்கம் மெத்தென்று வளைகிறதோ அந்தப் பக்கம்தான் மடிப்பு. அதற்கு முன்னால் தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திக்கொள்ள வேண்டும். மடித்தபின் கரண்டிக் காம்பால் ஒரு தேய்ப்பு. இதற்கென்று எலும்பில் செய்த கருவி விற்கிறார்கள். என் கரண்டிக்கு அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

புதுச்சேரியில் எஸ்.வி. பட்டேல் சாலையில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் இருக்கிறது. 1959-இலிருந்து நடக்கிறது. பருத்தித் துணிக் கழிவை அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி எடுத்து, அழுத்தி உலர்த்திக் காகிதமாக்குகிறார்கள். சட்டத்தைத் தண்ணீரில் ஆட்டி எடுப்பதால் நார் நாலா பக்கமும் விழுந்து பின்னிக்கொள்கிறது. அதனால் அதில் ஓட்டமே கிடையாது, எந்தப் பக்கமும் மடிக்கலாம். வருடத்துக்கு இரண்டு தடவையாவது பஸ் ஏறிப் போய்க் கொஞ்சம் வாங்கி வருவேன். துணியில் பிறந்த காகிதம் என்பதால் பெரியப்பாவுக்கு அதன்மேல் ஒரு தனி மரியாதை. ஒரு தடவை ஒரு தாளைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உரசிப் பார்த்துவிட்டு, "பனியன் துணி" என்றார்.

இரண்டாவது அபசகுனம் தம்பியின் கிரகப்பிரவேசம். லாஸ்பேட்டையில் வீடு கட்டினான். பால் பொங்குகிற அட்டை செய்வோம் என்று தோன்றியது. கீழே ஒரு பட்டை, இழுத்தால் பானைக்குள்ளிருந்து வெள்ளைக் காகித நுரை மேலே வர வேண்டும். கீழே இழுத்தால் எப்படி மேலே வரும்? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஆத்தாவின் ஊரில் இருந்த கிணற்று ராட்டினம் நினைவுக்கு வந்த பிறகு பத்து நிமிஷ வேலை. கயிற்றைக் கீழே இழுத்தால் வாளி மேலே வருகிறதல்லவா? அட்டைக்குப் பின்னால் குறுக்கே ஒரு விரல் அகலக் கம்பி மாதிரி அட்டைத் துண்டை ஒட்டி, பட்டையை அதன்மேல் போட்டு வளைத்து, ஒரு முனையில் நுரை, மறு முனை கையில். அவ்வளவுதான்.

வீட்டில் நூறு தடவை இழுத்துப் பார்த்தேன், நூறு தடவையும் பொங்கியது. ஆனால் கிரகப்பிரவேசம் கார்த்திகை மாதம். விடிய விடிய மழை. பையில் இருந்த அட்டை ஈரக் காற்றைக் குடித்து உப்பி, பட்டை தடத்துக்குள் இறுகிவிட்டது. தம்பி இழுக்கிறான், இழுக்கிறான், பால் அரைப் பானைக்கு மேலே வரவில்லை. "இழுத்து இழுத்துப் பாக்குறான், பால் பொங்கலையே" என்று அம்மா கூடத்தின் நடுவில் நின்று சொன்னார். நல்லவேளை, அடுப்பில் இருந்த பால் பொங்கிவிட்டது. அன்றிலிருந்து தடத்தைப் பட்டையைவிட 2 மி.மீ. அகலமாகவே வெட்டுகிறேன். ஐப்பசி, கார்த்திகை என்றால் மூன்று. தடத்துக்குள் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். கேரம் போர்டு பவுடரும் ஆகும், ஆனால் புதுப் பட்டுப் புடவை கட்டியவர்கள் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள். பெவிகாலை இந்த ஊர்க் காற்றில் நம்புவதை விட்டுவிட்டேன். அதன் ஈரத்தில் அட்டை அப்பளம் மாதிரி நெளிகிறது. அகலமான டபுள் சைடு டேப்தான்.

வெற்றி என்று சொல்லிக்கொள்ள ஒன்று உண்டு. மொய்க் கவரில் ஒரு ரூபாய் ஒட்டி வருமே, அந்தக் காசை வைத்து ஒரு வேலை. அட்டையில் வளைவாக ஒரு தடம் வெட்டி, முன்னால் ஒரு காசு, பின்னால் ஒரு காசு, நடுவில் தடத்தின் வழியாக இரண்டையும் ஒட்டுகிற ஒரு பொட்டு ஃபோம் டேப். அட்டையைச் சாய்த்தால் காசு உருண்டுகொண்டே தடத்தில் ஓடும். காசின் மேல் மாப்பிள்ளை பெண்ணை ஏற்றிவிட்டால் ஊஞ்சல் மாதிரி உருண்டு வருவார்கள். "500 வெச்சு, அந்த ஒரு ரூபாய இப்படி ஓட்டி விட்டிருக்கா பாரு" என்று ஒரு மாமா மொய் எழுதுகிற இடத்திலேயே வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். வரிசை நின்றுவிட்டது.

இதையெல்லாம் தபாலில் அனுப்புவது வேறு தலைவலி. காசைத் தபாலில் வைக்கக்கூடாது, அதனால் வெளியூருக்குக் கனத்த அட்டையில் வட்டம் வெட்டிப் போடுவேன். சாதாரணக் கடிதம் 20 கிராமுக்கு 5 ரூபாய். 300 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் கனமுள்ள ஏ4 தாள் ஒன்று தனியாகவே 18.7 கிராம். மேலே ஒரு பட்டை, ஒரு நுரை, கவர் என்று சேர்ந்தால் நாற்பதைத் தாண்டும், 15 ரூபாய் ஸ்டாம்ப். போய்ச் சேரும்போது அதன்மேல் முத்திரை விழுந்து கோபுரம் படுத்திருக்கும். கூடுமானவரை கையில்தான் கொடுப்பேன்.

பல்பு எரிகிற அட்டையும் ஒரு காலத்தில் செய்தேன். 3 வோல்ட் பட்டன் பேட்டரி, ஒரு சின்ன மஞ்சள் எல்.இ.டி., ஒட்டுகிற செப்புப் பட்டை. மூலையை மடித்தால் குத்துவிளக்கு எரியும். தங்கையின் சின்னவன் தவழ ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டேன். அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் தொண்டையில் சிக்கி, கொஞ்ச நேரத்திலேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். விளக்கு எரியாவிட்டால் பரவாயில்லை.

சரி, பெரியப்பாவுக்கு வருவோம். கிழித்தது அவர் பிறந்தநாளில். சதாபிஷேகம் இன்னும் பத்து மாதம் கழித்து, மாசியில். ஏன் பத்து மாதம் என்று மகள் கேட்டாள். ஆயிரம் பிறை கண்டவர் என்பதற்குத்தானே சதாபிஷேகம்? ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் நடுவில் சராசரி 29.53 நாள். ஆயிரம் பௌர்ணமிக்கு 29,530 நாள். 365.25-ஆல் வகுத்தால் 80 வருடமும் பத்து மாதமும். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கணக்கில் நாள் பார்க்கிறார்கள், எங்கள் வீட்டில் பெரியப்பா பிடிவாதமாக முழு ஆயிரம் ஆகட்டும் என்றுவிட்டார். தையல்காரர். அளவில் ஒரு நூல் குறைந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அந்தப் பத்து மாதமும் நான் ஆட்களின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு விரல் மூட்டு வீங்கி, சின்ன முனையைக் கிள்ளிப் பிடிக்க வராது, ஆனால் விரலை வளையத்துக்குள் மாட்டி இழுக்க வரும். மகள் இடதுகைக்காரி. இத்தனை வருடமாக எல்லா இழுவையையும் நான் வலது பக்கமே வைத்திருக்கிறேன், அவளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தங்கையின் சின்னவனுக்கு மூன்று வயது, திறப்பது என்றால் அவனுக்கு இரண்டாகப் பிளப்பது. பெரியப்பாவின் கை கிள்ள முடியாது, நேராக இழுக்க முடியாது. ஆனால் ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து பழைய ரேடியோவின் திருகைத் திருகிக்கொண்டிருந்தார். கை நடுங்கியது, ஆனால் திருகியது. நடுங்குகிற கையால் சுற்ற முடியும்.

ஆகவே சுத்துற அட்டை. நிலா. புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். சந்திரனும் கிரகங்களும் இருக்கிற இடத்தைப் பார்க்க, ஒன்றன்மேல் ஒன்றாகக் காகிதச் சக்கரம் வைத்து ஜெர்மனியில் பீட்டர் அப்பியன் என்பவர் 1540-இலேயே ஒரு பெரிய புத்தகம் அடித்திருக்கிறார் என்று மகள் தேடிக் காட்டினாள். அந்த பைண்டிங் கூலியை நினைத்து எனக்கு மயக்கம் வந்தது.

15 செ.மீ. விட்டத்தில் ஐவரி போர்டு சக்கரம், அதில் வெள்ளை நிலா. முகப்புக்குப் புதுச்சேரியில் வாங்கிய கருநீலக் கைக்காகிதம். அது சொரசொரப்பு, சக்கரம் உரசும் என்பதால் உள்பக்கம் வழவழ ஆர்ட் பேப்பர் ஒட்டினேன். முகப்பில் வட்டமாக ஒரு ஜன்னல் வெட்டிச் சக்கரத்தைச் சுற்றினால் நிலா வளரும், தேயும் என்று நினைத்தேன். வந்தது பிறை இல்லை, பாதாம் கொட்டை. "அம்மா, இது நிலா இல்ல, கண்ணு" என்றாள் மகள். வட்டத்துக்குப் பின்னால் வட்டம் நுழைந்தால் நடுவில் அப்படித்தான் தெரியும். பிறை வேண்டுமென்றால் மறைக்கிற பொருள் உருண்டையாக இருக்க வேண்டும். ஜன்னலை அகலமாக்கி, இரண்டு பக்கமும் நிலா அளவிலேயே இரண்டு உருண்டை மேகம் ஒட்டினேன். இப்போது இடது மேகத்துக்குப் பின்னாலிருந்து முதலில் மெல்லிய பிறை, அப்புறம் பாதி, நடுவில் முழு நிலா, வலது மேகத்துக்குள் தேய்ந்து மறைகிறது. நம் ஊர் வானத்தில் மூன்றாம் பிறை தோணி மாதிரி படுத்திருக்கும், என் பிறை நிமிர்ந்து நிற்கிறது. அதைப் பெரியப்பா மன்னிப்பார்.

சக்கரத்தில் நாலு நிலா. முழு நிலா வரும்போது கீழே ஒரு சின்ன ஜன்னலில் ஒரு வருடம் தெரியும். 1944. அடுத்தது 1966, தவணைக்குத் தையல் மெஷின் வாங்கியது. 1973, பெரியம்மா. கடைசி 2025. மீதி 996-ஐ அவரே நினைத்துக்கொள்ளட்டும். சக்கரத்தின் ஓரம் அட்டைக்கு வெளியே இரண்டு விரல் அகலம் நீட்டிக்கொண்டிருக்கும். விரல் வழுக்காமல் இருக்க அதைப் பல் பல்லாக வெட்ட வேண்டும். பெரியம்மாவிடம் சொல்லி, கடை மூடியபோது பரணில் போட்ட அவருடைய ஜிக்ஜாக் கத்தரியைக் கேட்டு வாங்கினேன். கூடவே பட்டன் டப்பாவும். அச்சாணிக்கு அதிலிருந்து ஒரு கோட்டுப் பட்டன் முன்னால், பின்னால் ஒரு சின்னச் சட்டைப் பட்டன், நடுவில் கெட்டி நூல். இறுக்கமாக, பிரியவே பிரியாதபடி தைத்தேன். இந்தத் தடவை எதுவும் கிழியக்கூடாது.

மாசி முகூர்த்தம். கலச நீர் ஊற்றி முடிந்து, புது வேட்டி மாற்றி, பெரியப்பாவையும் பெரியம்மாவையும் நாற்காலியில் உட்கார வைத்து ஒவ்வொருவராக விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்ததும் அட்டையைக் கொடுத்தேன். கையில் வாங்கியதுமே பல் வெட்டைத் தடவிப் பார்த்து, "என் கத்தரி" என்றார். அப்புறம் விரல் வைத்துச் சுற்றினார். பிறை எட்டிப் பார்த்தது. கை நடுக்கத்தில் சக்கரம் நடுங்க, நிலாவும் நடுங்கியது, தெப்பக்குளத்துத் தண்ணீரில் தெரிகிற மாதிரி. நான் அப்படி யோசித்துச் செய்யவில்லை. என் கையில் அது அப்படி ஒரு நாளும் தெரிந்ததில்லை.

பாதி நிலாவில் சக்கரம் நின்றுவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அம்மா பக்கத்தில்தான் நின்றார், மூன்றாவது அபசகுனத்தை எழுதிக்கொள்ளத் தயாராக. பெரியப்பா மறுபடியும் இழுத்துப் பார்க்கவில்லை. அட்டையைத் திருப்பினார். துணி வாங்கினாலும் சரி, யாராவது தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாலும் சரி, முதலில் உள்பக்கத் தையலைத்தான் பார்ப்பார். பின்பட்டனைக் கட்டை விரலால் அழுத்தினார். "கழுத்து விடலியா?"

"என்ன பெரியப்பா?"

"பட்டனுக்குக் கழுத்து விடணும்மா. இப்படி ஒட்டத் தெச்சா துணியே மூச்சு விடாது, சக்கரம் எப்படிச் சுத்தும்? தீக்குச்சி வெச்சுத் தெக்கணும்."

பின்னால் வரிசை நிற்கிறது. போட்டோக்காரர் "ஐயா, இந்தப் பக்கம்" என்கிறார். பெரியப்பா யாரையும் கவனிக்காமல் பிளேடும் ஊசி நூலும் கேட்டார். சாஸ்திரிகளின் கற்பூரத் தட்டில் இருந்த தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சி எடுத்துக் கொடுத்தார்கள். மகள் ஊசியில் நூல் கோத்தாள். நான் அவர் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய தையலை அறுத்துவிட்டு, பட்டனுக்கும் அட்டைக்கும் நடுவில் தீக்குச்சியை வைத்து, அதன்மேல் நூல் போகும்படி ஆறு தடவை தைத்தேன். "இப்ப குச்சிய உருவு." உருவினேன். தீக்குச்சி கனத்துக்கு ஒரு இடைவெளி விழுந்தது. "நூல அந்தக் கழுத்துல மூணு சுத்து சுத்து. இறுக்காத. ம்... முடி போடு." நாற்பத்தாறு வயதில் முதன்முதலாக ஒழுங்காக ஒரு பட்டன் தைத்தேன்.

கொடுத்தேன். சக்கரம் லேசாகச் சுழன்றது. பிறை, பாதி, முழு நிலா, 1944. மேகத்துக்குள் போனது. அடுத்த நிலா நடுங்கிக்கொண்டே வந்து 1966-இல் நின்றது. போட்டோக்காரர் மறுபடியும் கூப்பிட்டார். பெரியம்மா முழங்கையால் இடித்து, "எல்லாரும் நிக்கிறாங்க, மூடி வைங்க" என்றார்.

"இரு, இன்னும் 73 வரல" என்றார் பெரியப்பா.